கதவடியில் நிற்கும் 16 மி.மீ.

சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரையைப் பார்க்கலாம். ஹாலுக்கு மட்டும் டைல்ஸ் போதும், உள்ளறை அப்படியே இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் முடிவு செய்வார். பழைய தரையை உடைத்தால் குப்பை, தூசி, கூலி. அதனால் மேலேயே ஒட்டச் சொல்லிவிடுவார். டைல் 10 மி.மீ., அடியில் பசை 6 மி.மீ. வேலை முடிந்து துடைத்துப் பார்த்தால் கதவடியில் 16 மி.மீ. உயரத்துக்கு ஒரு வெட்டு விளிம்பு நிற்கிறது. 150 மி.மீ. படி என்றால் கண் பார்க்கும், கால் தானாகத் தூக்கும். 16 மி.மீ. கண்ணில் படாது. கால் கட்டைவிரலுக்குத்தான் முதலில் தெரியும்.

டைல்ஸ் போட்டவர் போகும்போது மீந்த கலவையை அந்த விளிம்போரம் வைத்துக் கரணையால் சரிவாக இழுத்துவிட்டுப் போவார். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சரிவின் அடி நுனி காகிதம்போல மெலிந்து ஒன்றுமில்லாமல் முடிகிறது. அந்தத் தடிமனில் ஒரு மணல் பருக்கை உட்காரவே இடமில்லை. சிமெண்ட் இறுகத் தேவையான ஈரமும் ஃபேன் காற்றில் ஒரு மணி நேரத்தில் போய்விடும். போதாததற்கு, பழைய சிவப்புத் தரை வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் கண்டது. அதன்மேல் எதுவும் பிடிக்காது. சில மாதத்தில் நுனி பொரிந்து, பெருக்கும்போது மணலாக வரும். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. அவரிடம் யாரும் படி, அதாவது இரண்டு தரையையும் சரிவாக இணைக்கும் கதவடிப் பட்டை, கேட்கவில்லை; அடைக்கத்தான் சொன்னார்கள்.

படி செய்ய வேண்டுமென்றால் முதலில் அளவு. டைல்ஸ் பக்கம் அலுமினிய மட்டப்பலகையை வைத்து, அதன் முனை கீழ்த்தரைக்கு மேலே 300 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளியை டேப்பால் அளந்தால் கொக்கி இடிக்கும், ஒன்றிரண்டு மி.மீ. எப்போதும் தப்பும். ஆசாரிகளிடம் 1 மி.மீ. மைக்கா சாம்பிள் துண்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றை அடுக்கி இடைவெளியில் செருகுங்கள். 16 துண்டு நுழைந்து 17 நுழையவில்லை என்றால் 16. இதையே ஆறு இடத்தில் பார்க்க வேண்டும்: விளிம்போரம் இடது, நடு, வலது; சரிவு முடியப்போகிற கோட்டில் மறுபடி மூன்று. பழைய வீட்டில் ஆறும் ஒரே எண்ணாக வந்தால் சந்தேகப்படுங்கள். 16, 17, 15 என்று மேலேயும், 16, 19, 15 என்று கீழேயும் வருவதுதான் வழக்கம். நடுவில் கூடுதலாக வருவதற்குக் காரணம், அத்தனை வருஷமும் எல்லோரும் நடந்தது அந்த நடுவில்தான்.

நெசவாளர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியை மூடித் தரை போட்ட அறை என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே நிரப்பிய மண் சரியாக இறுகியிருக்காவிட்டால் தரை இறங்கிக்கொண்டே இருக்கும். சுவரடியில் தரை மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் படிக்கு முன்னால் தரையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது, சரிவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. அதைச் சுவரின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. 9 இஞ்ச் சுவர் இரு பக்கப் பூச்சோடு சேர்த்து 255 மி.மீ. வரும். கதவு நிலை டைல்ஸ் பக்கச் சுவர் முகத்தோடு இருந்து, டைலைக் கதவுப் பலகைக்கு நேர் கீழே முடித்திருந்தால், மிச்சம் சுமார் 200 மி.மீ. கையில் இருக்கும். 16 மி.மீ. உயரத்தை 12 மடங்கு நீளத்தில் இறக்கினால் 192 மி.மீ. சக்கர நாற்காலிக்குச் சொல்லப்படும் 1:12 சரிவு சுவர்த் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அறைக்குள் ஒரு மி.மீ. கூட நீட்ட வேண்டியதில்லை. நடந்து மட்டும் போகிற வீட்டுக்கு 1:6 அல்லது 1:8 போதும். அதற்கு 100 முதல் 130 மி.மீ. அகலப் பட்டை போதுமானது. பழைய வீடுகளின் தடித்த சுவரில் இந்தக் கவலையே கிடையாது.

ஆனால் பசைக்குப் பதிலாக மணல் கலவைப் படுக்கை போட்டு டைல் பதித்த வீட்டில் உயரம் 50 மி.மீ. ஆகிவிடும். 1:12க்கு 600 மி.மீ. வேண்டும், 9 இஞ்ச் சுவரில் மிஞ்சும் 200 மி.மீ.க்குள் செய்தால் 1:4 ஆகி, ஈரக்காலோடு வந்தால் வழுக்கும். 50 மி.மீ. படியாகவும் உதவாது, சமமாகவும் உதவாது. இதற்கு நல்ல வைத்தியம் டைல் போடுவதற்கு முன்னால்தான் உண்டு: படுக்கை வேண்டாம், தரையைக் கொத்திவிட்டுப் பசையில் ஒட்டுங்கள் என்று சொல்வது. பழைய தரைமேல் ஒட்டலாம் என்று பையிலேயே எழுதியிருக்கும் பசையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கதவை யாரும் முதலில் பார்ப்பதில்லை. கதவு உயர்ந்த தரைப் பக்கம் திறந்தால் அடியை அறுத்தே ஆக வேண்டும். டைலுக்கு மேலே 6 முதல் 8 மி.மீ. சந்து விட வேண்டும். தாழ்ந்த பக்கம் திறந்தால் சரிவின் மேல் முனை மட்டும் இடிக்காமல் இருந்தால் போதும். ஃப்ளஷ் கதவின் அடியில் ஒரு குறுக்குக் கட்டைதான் இருக்கிறது. அதில் 15 மி.மீ. வரை அறுக்கலாம். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் துண்டுக் கட்டைகள் வெளியே தெரிய ஆரம்பித்துக் கதவு தளரும். அறுத்த முகத்துக்கு அன்றைக்கே வார்னிஷ் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தரை துடைக்கிற ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். பிவிசி கதவு உள்ளே கூடு. அறுத்தால் அடியில் மூடி போட வேண்டும்.

இனி பொருள். 100 முதல் 125 மி.மீ. அகலத்துக்குள் என்றால் தேக்குதான் என் தேர்வு. அதற்கு மேல் அகலம் போனால் கிரானைட்.

தேக்குப் பட்டையை ஆசாரி ஒவ்வொன்றாக இழைத்துச் சரிவு எடுத்தால் பாதி மரம் சீவலாகப் போகும். 100 மி.மீ. அகலம், 24 மி.மீ. தடிமன் உள்ள ஒரே பலகையை அறுப்பு மில்லில் கோணமாக வெட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 17 மி.மீ., மறு பக்கம் 4 மி.மீ., ரம்பம் தின்பது 3 மி.மீ. ஒரே பலகையில் இரண்டு ஆப்பு கிடைக்கும், இரண்டு கதவுக்கு ஆயிற்று. இழைத்து முடித்தால் 16க்கு 3 நிற்கும். மெல்லிய நுனியை 3 மி.மீ.க்குக் கீழே விடாதீர்கள். அதற்குக் கீழே போனால் மரம் நார் நாராகப் பிய்ந்து, துடைப்பத்தில் மாட்டும். அந்த 3 மி.மீ. முனையை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்துவிட்டால் கால் உணராது.

மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியா என்று பாருங்கள். ஓரத்து வெளிர்நிறப் பகுதியைக் கரையான் விட்டுவைக்காது. பலகையின் தலைப்பைத் திருப்பிப் பார்த்தால் வளையக் கோடுகள் நெட்டாக நிற்க வேண்டும். படுத்துக் கிடந்தால் அந்தப் பலகை காயும்போது வளையும். தேக்கு நல்ல மரம் என்றாலும் அசையாத மரம் இல்லை. வளையக் கோடு படுத்த 100 மி.மீ. பலகையில் ஈரப்பதம் 6 சதவீதம் ஏறினால் அகலம் 1 மி.மீ.க்குச் சற்று மேல் கூடும். கோடு நெட்டாக நின்றால் அதில் ஏறக்குறைய பாதிதான். நீளவாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம், அதனால் நார் ஓட்டம் எப்போதும் கதவின் அகலவாக்கில் இருக்க வேண்டும்.

இந்த ஒரு மி.மீ. எங்கே போகும் என்பதில்தான் படி நிலைப்பதும் உடைவதும் இருக்கிறது. பட்டையைக் கீழ்த்தரையோடு மட்டும் பிடிக்க வேண்டும். டைல்ஸ் பக்கம் 2 முதல் 3 மி.மீ. சந்து விட்டு, அதில் சிலிகான் நிரப்ப வேண்டும். இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டால் ஐப்பசி மழையில் மரம் உப்பி டைல் விளிம்பைச் சில்லுச் சில்லாகத் தள்ளும், அல்லது பங்குனி வெயிலில் சுருங்கி நடுவே பிளக்கும். இரண்டு தரையும் இரண்டு வயசு, இரண்டு குணம். ஒன்றைப் பிடி, மற்றதை விடு. டைல் விளிம்பு கோணலாக வெட்டப்பட்டிருந்தால் அதை மறைக்கப் பட்டையில் ஒரு உதடு எடுத்து டைல்மேல் 10 மி.மீ. ஏற்றலாம். அந்த உதடு 5 மி.மீ. தடிமன் வேண்டும், அதாவது படி அந்த அளவு உயர்ந்துவிடும். அதை விட, கட்டிங் மெஷினில் டைலை இன்னொரு முறை நேராக வெட்டிக்கொள்வது மேல்.

ஒட்டும் முன் கதவடி டைலை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அடியில் பசை இல்லை. அதைப் பெயர்த்து மறுபடி ஒட்டாமல் படி வைக்கக் கூடாது.

நிலைக்காலைச் சுற்றி வருகிற வெட்டுக்கு அட்டையில் அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையின் அடிப்பக்கத்தைத் தரையின் மேடுபள்ளத்துக்கு இணங்கச் செய்ய ஒரு எளிய வழி: பட்டையை அதன் இடத்தில் ஆப்பு வைத்து நிறுத்தி, ஒரு இரும்பு வாஷரைத் தரைமேல் உருட்டிக்கொண்டே அதன் துளையில் பென்சிலை வைத்துப் பட்டையின் முகத்தில் கோடு இழுப்பது. தரை எங்கே இறங்குகிறதோ அங்கே கோடும் இறங்கும். அந்தக் கோடு வரை இழைத்தால் பட்டை தரையோடு உட்காரும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் என்றால் இந்த வேலையே வேண்டாம், பாலியூரித்தேன் பசையின் படுக்கையே நிரப்பிவிடும். தரையில் பட்டை உட்காரும் இடத்தை மட்டும் மெழுகு போகத் தேய்த்து, தின்னரில் துடைத்து, கல் வைத்த கிரைண்டரால் சொரசொரப்பாக்கிவிடுங்கள். அடிப்பக்கத்துக்கும் இரு தலைப்புக்கும் சீலர் இரண்டு கை. மேல்பக்கத்துக்கு பியு (பாலியூரித்தேன்) பூச்சு மூன்று கை. அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்துப் பலகை கிண்ணம்போல வளையும்.

ஸ்க்ரூ போடுவதானால் 6 மி.மீ. பிளக், முனையிலிருந்து 50 மி.மீ. தள்ளி முதல் ஓட்டை, பிறகு 200 முதல் 250 மி.மீ.க்கு ஒன்று. எல்லாம் ஒரே வரிசையில், கீழ்த்தரைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி. மரத்தில் இருக்கும் ஓட்டை ஸ்க்ரூவை விட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கட்டும். டைல் விளிம்புக்கு 50 மி.மீ.க்குள் ட்ரில் மெஷினின் சுத்தியல் ஓட்டத்தைப் போடாதீர்கள். கதவடி வழியாகத் தண்ணீர்க் குழாய் போகிற வீடுகளும் உண்டு, 35 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் ட்ரில் பிட்டில் டேப் ஒட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். அடியில் பழைய சுண்ணாம்புத் தளம் என்றால் பிளக் நிற்காது, தூளாக வரும். அங்கே பசை மட்டும் போதும், மேலே இரண்டு செங்கல் பாரம் வைத்து ஒரு நாள் விட வேண்டும்.

கிரானைட்டில் பெரும்பாலோர் செய்வது, 18 மி.மீ. பட்டையைக் கதவடியில் தட்டையாகப் படுக்க வைத்து முனையை உருட்டி விடுவது. அதில் விளிம்பு இடம் மாறுகிறதே தவிர, போகவில்லை. பட்டையைச் சாய்த்துப் பதிக்க வேண்டும், அதற்குத் தரையில் சாய்ந்த பள்ளம் எடுக்க வேண்டும். கணக்கு எளிது. கல் 18, பசை 5, ஆக 23. சரிவு முடிகிற இடத்தில் பள்ளம் 23 மி.மீ. ஆழம், டைல் பக்கத்தில் 16 போக 7 மி.மீ. ஆழம். இரு கோட்டையும் கட்டிங் மெஷினில் வெட்டிவிட்டு நடுவில் உளியால் எடுத்தால் சிவப்புத் தரை சிதறாது. கல்லின் முன் முனை தரையோடு சமமாக வந்து முடியும். கல்லுக்கும் தரைக்கும் நடுவே விடும் 2 மி.மீ. இணைப்பை ஆக்சைடு கலந்த சிமெண்ட் விழுதால் நிரப்பலாம். டைல்ஸ் பக்கம் வழக்கம்போல் சிலிகான். சிலிகான் ட்யூபைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அது கல்லுக்கு ஆகாது, ஓரம் கறை படியும். நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். கல் கடையில் கண்ணாடிப் பளபளப்புத்தான் தருவார்கள். சாய்ந்த கல்லில் அது ஆபத்து; பாலிஷ் பேடில் 400 நம்பரோடு நிறுத்தச் சொல்ல வேண்டும்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் டைலுக்குச் சாம்பல் கல் என்று பொருத்தம் பார்த்து எடுப்பது கல்யாணப் புடவைக்குச் சரி. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் படி இரண்டு தரையிலிருந்தும் பிரிந்து தெரிய வேண்டும். சரிவு தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் கால் தயாராகும்.

சிமெண்டிலேயே செய்ய முடியாதா என்றால், முடியும். நுனியில் 25 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டு, சரிவின் மெல்லிய முனை அந்தப் பள்ளத்துக்குள் முடிய வேண்டும். மற்ற இடத்தைக் கொத்தி, கழுவி, ஒன்றுக்கு மூன்று கலவையில் தண்ணீரோடு எஸ்பிஆர் லேடெக்ஸ் (பிடிப்பைக் கூட்டும் ரப்பர் பால்) சேர்த்துப் பூச வேண்டும். ஈரச்சாக்கு 7 நாள். மேல்பூச்சில் சிவப்பு ஆக்சைடு சிமெண்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினால் பலம் குறையும். எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் பழைய சிவப்போடு நிறம் ஒட்டாது. இரும்பாலை இருக்கிற ஊரில் எவர்சில்வர் (எஸ்எஸ்) தகடு மடிக்கும் பட்டறைக்குப் பஞ்சமில்லை, 1.2 மி.மீ. தகட்டில் ஆப்பு வடிவம் மடித்தும் வாங்கலாம். அடியில் வெற்றிடம் விடாமல் கலவை நிரப்பவில்லையென்றால் மிதிக்கிறபோதெல்லாம் டப் டப் என்று கத்தும்.

ஏற்காடு வேறு கதை. கீழே சேலத்தில் சித்திரை மாதம் மரம் எலும்பாகக் காய்ந்திருக்கும். அதே பட்டையை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வருகிற வீட்டில் மறுநாளே பொருத்தினால், மழைக்காலத்தில் அது கேட்காமலே வளரும். பட்டையை இரண்டு வாரமாவது அந்த அறையிலேயே, அடியில் குச்சி கொடுத்துக் காற்றோட்டமாகப் போட்டுவைக்க வேண்டும். டைல்ஸ் பக்கச் சந்தை 4 மி.மீ.யாக விடுங்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் படிக்கு எடுக்காதீர்கள். தரையோடு ஒட்டிய ஈரத்தில் அது மக்கும், கரையானுக்கும் பிடிக்கும்.

மலையில் புது வீடுகளில் டைலுக்குப் பக்கத்தில் மரத்தோற்றத் தரை வருகிறது. லேமினேட் என்றால் 8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. ஃபோமும், கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி என்றால் 5 மி.மீ. அளவில். இவை தரையில் ஒட்டப்படுவதில்லை, மொத்தப் பரப்பும் ஒரே பாயாக மிதக்கிறது. கதவடியில் 8 முதல் 10 மி.மீ. சந்து விட்டு, படியின் உதடு அதை மூடி நிற்க வேண்டும். படியின் ஸ்க்ரூ கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிடிக்கலாம், டைல் பக்கம் ஒட்டலாம். பலகையில் ஒரு ஆணி இறங்கினாலும் பாய் அங்கே கட்டுப்பட்டு, அறையின் எதிர் மூலையில் கூரைபோல எழும்பும். எழும்பிய இடத்தைத்தான் எல்லோரும் பெயர்த்துப் பார்ப்பார்கள், கோளாறு கதவடியில் இருக்கும்.

பாத்ரூம் படிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே வேலை தண்ணீரைத் தடுப்பது. உள்தரைக்கு மேலே 15 முதல் 20 மி.மீ. கல், சரிவு உள்பக்கம், மரம் கூடவே கூடாது. தலைவாசல் நிலைப்படியையும் தொடாதீர்கள். மஞ்சள் குங்குமம் வைத்து, யாரும் மிதிக்காமல் தாண்டிப் போகிற கட்டை அது. உயரமாக இருப்பதுதான் அதன் வேலை. சக்கர நாற்காலி தேவைப்பட்டால் எடுத்து மாட்டுகிற பலகைச் சரிவு இரு பக்கமும் வைத்துக்கொள்ளலாம்.

படி வைத்த மறுநாளே கேஸ் சிலிண்டர் வரும். நிரம்பியது ஏறக்குறைய 30 கிலோ. தூக்க மாட்டார்கள், சாய்த்து அடிவளையத்தில் உருட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாரம் முழுவதும் விரல் அகல இரும்பு வளையம் வழியாகப் படியின் மேல் விளிம்பில் இறங்குகிறது. பசை இறுக மரத்துக்கு ஒரு நாள், கிரானைட்டுக்கு மூன்று நாள், சிமெண்டுக்கு ஏழு நாள் கழியும் வரை கதவடியில் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டுவையுங்கள். பீரோ நகர்த்தும் உத்தேசம் இருந்தால் அதைப் படி வைப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.